இனங்காணலும் அறமும்

'இனங்காணல்' என்னும் சொல் தமிழில் இரு துறைகளில் வழங்குகின்றது. மீனை இன்ன மீன் எனப் பிரித்தறிதலும் இனங்காணலே. மனிதனை இன்ன கூட்டத்தான் எனக் குறித்தலும் இனங்காணலே. ஒன்றை இன்னதென அறிதல் அறிவின் செயல் மட்டுமே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் அவ்வறிவைத் தொடர்ந்து ஒரு தீர்ப்பும் நிகழ்வதால், அது அறத்தின் ஆய்வுக்கும் உரியதாகின்றது. இதனைத் தெளிவுறக் காட்டும் இடம் கரைவலை இழுக்கப்படும் கடற்கரையாகும்.

முல்லைத்தீவு, மன்னார், மட்டக்களப்புக் கரைகளிலும் தங்காலை முதலிய தென்கரைகளிலும் கரைவலைத் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. தோணியிற் கொண்டுசெல்லப்படும் வலை கடலில் அரைவட்டமாக விடப்படுகின்றது. அதன் இரு கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு அணியினர் இழுக்கின்றனர். இறுதியில் மடி மணலில் ஏறுகின்றது. வலை எதனையும் தெரிந்தெடுப்பதில்லை. அகப்பட்ட யாவற்றையும் ஒருங்கே கொணர்கின்றது. தெரிவு கரையிலேயே தொடங்குகின்றது. நெத்தலி, சூடை, காரல், பாரை ஆகியன கூடையை அடைகின்றன. நஞ்சுடைய பேத்தை ஒதுக்கப்படுகின்றது. ஓராவின் முள்ளையும் திருக்கையின் வாலையும் அறிந்த கை எச்சரிக்கையோடு இயங்குகின்றது. ஆமை அகப்படின் அதனை மீண்டும் கடலில் விடுதல் வேண்டும் என்பது சட்டம். விலைபோகாச் சிறு மீன்கள் மணலிற் கிடந்து காய்கின்றன.

இங்கு ஒவ்வொரு பெயரும் ஒரு தீர்ப்பாகும். பேத்தையைப் பிறிதொன்றெனப் பிறழ உணர்ந்து உண்பவன் உயிரிழத்தலும் கூடும். ஆகவே பிரித்தறிதலையே குற்றமெனல் பொருந்தாது. பிரித்தறியாது வாழ்தல் இயலாது. எழும் வினா வேறு: பெயர் யாருடைய தேவைக்காக இடப்படுகின்றது?

1938 ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் ஈஸ்ற் லண்டன் துறைமுகத்தில், ஓர் இழுவைப் படகின் மீன்குவியலிடையே விந்தையான மீனொன்றை நூதனசாலைப் பொறுப்பாளர் மாஜரி கோட்னி லற்றிமர் கண்டார். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்ததென எண்ணப்பட்ட சீலகாந்து மரபைச் சேர்ந்தது அது. மறு ஆண்டில் மீனியலறிஞர் சிமித் அதற்கு 'இலற்றிமேரியா' எனப் பெயரிட்டார். 1952 இல் கொமொறோத் தீவுகளில் இரண்டாவது மீன் கிடைத்தபோது, அங்குள்ள மீனவர் அதனைக் 'கொம்பெசா' என்னும் பெயரால் முன்னரே அறிந்திருந்தமை புலனாயிற்று. உணவுக்குச் சிறவாத மீன் என்பதே அவர்தம் கணிப்பு. இருசாராரும் அறிந்தது ஒரே மீன். ஒருவர் தேவைக்கு அது பெரும்பேறு, மற்றவர் தேவைக்கு அது பயன் குறைந்தது. எப்பெயரும் பொருளின் முழுமையைத் தழுவுவதில்லை.

கடலினின்று விலகிய மலைநாட்டிலும் இவ்வினா எழுகின்றது. இரத்தினபுரி மாவட்டத்தின் றக்வானத் தோட்டங்களுக்குக் கடல் பெரிதும் கருவாடாகவே வந்து சேர்கின்றது. எனினும் அம்மலைத்தொடரின் நீரோடையில் வாழும் சிறு மீனொன்று 2017 இலேயே 'சிசுதூரா மாதவாய்' என்னும் விஞ்ஞானப் பெயரைப் பெற்றது. அதற்கு முன்னரும் அது அதே நீரில் அதே மீனாகவே நீந்தியது. பெயர் அதன் இருப்பை உண்டாக்கவில்லை. அதனைக் காக்கும் கடமையை மனிதர்க்கு உணர்த்திற்று.

ஆனால், அதே மலைகளில் கொழுந்து பறித்த மக்களுக்கு இடப்பட்ட பெயர் அவ்வாறு காக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கி, எஞ்சிய 150,000 பேரைப் பிந்திய முடிவுக்கு விட்டது. 1974 இல் அத்தொகையும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. அம்மக்களின் இசைவைக் கேட்டு எழுந்தனவல்ல அவ்வெண்கள். 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க முற்பட்டன.

மீனையும் மனிதனையும் ஒப்பிடுதல் தகுமோ என வினவலாம். அவற்றிடையுள்ள வேறுபாடே இங்குக் கருதத்தக்கது. மீன் தனக்கு இடப்பட்ட பெயரை மறுத்துரைக்க இயலாது. ஆதலின் அதனைப் பிரிப்பவன் தன் கண்ணையே ஐயுறுதல் வேண்டும். மனிதன் மறுத்துரைக்க வல்லவன். ஆதலின் அவன் கூற்றைக் கேளாது அவனை இனங்காணல் இருமடங்கு தவறாகும். முன்னையது அறிவின் பிழை. பின்னையது அறிவின் பிழையோடு நீதியின் பிழையுமாம்.

நேரிய இனங்காணல் தன் தேவையை மறைக்காது; திருத்தத்துக்கு இடமளிக்கும்; பெயரிடப்பட்டவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும். மணலிற் குவிந்த மீனைப் பிரிக்கும் கை விரைதல் வேண்டும். தாமதித்தால் மீன் பழுதுறும். மனிதரைப் பிரிக்கும் கைக்கு அவ்விரைவு உரியதன்று.