பூனையின் குற்றமா, நம் குற்றமா?

பஜ்ருத் தொழுகைக்கு ஒளுச் செய்துவிட்டு வந்து பார்த்தால், முஸல்லாவின் மீது ஈரம். பூனைச் சிறுநீரின் நாற்றம். ஓராண்டாக எங்கள் வீட்டில் வளரும் கடுவன் பூனை அருகிலேயே நின்றது. கோபம் தலைக்கேற, தோளில் கிடந்த துண்டை முறுக்கி இரண்டு அடி கொடுத்தேன். அது கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. நான் வேறு விரிப்பைப் போட்டுத் தொழுது முடித்தேன்.

மாலை வரை பூனை வெளியே வரவில்லை. மகள் குனிந்து பார்த்தபோது, அது சிறுநீர் கழிக்க முக்கி முக்கி, ஒரு சொட்டும் வராமல் துடித்துக் கொண்டிருந்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது, கடுவன்களுக்கு வரும் நோய்தான், கவனியாமல் விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும் என்றார் அவர். அடைப்பு நீங்கியது, பூனை பிழைத்தது. அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் நான் கொடுத்த இரண்டு அடிக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. வீட்டில் பூனை அசுத்தம் செய்தால் குற்றவாளி யார்?

மார்க்கம் இதில் இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது. நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுவுக்கு வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை நஜீஸ் அல்ல, அது நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். இது ஒன்று. பூனையின் சிறுநீரும் மலமும் நஜீஸ் என்பது மற்றொன்று. எனவே பூனையை வெறுக்கவும் இடமில்லை, அதன் கழிவை அலட்சியம் செய்யவும் இடமில்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவன் மனிதன்தான். பாக், நஜீஸ் என்ற சட்டம் பூனைக்கு இறங்கவில்லை, நமக்கே இறங்கியது.

பூனையைக் கட்டிப்போட்டு நரகத்திற்குரியவளான பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாமெல்லோரும் கேட்டிருக்கிறோம். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியில் தானே தேடித் தின்னவும் விடவில்லை. அடைத்து வைத்தவர் மீது, அடைபட்ட உயிரின் தேவைகள் கடமையாகிவிடுகின்றன என்பதல்லவா இதன் படிப்பினை? உணவு மட்டும்தானா தேவை? கொல்லைப்புறம் இருந்த வீடுகளில் பூனை தானே மண்ணைப் பறித்துக் கழித்து மூடிவிடும். அது அதன் பிறவிக் குணம். இன்று மூன்றாவது மாடியில், வழவழப்பான தரையில் அடைத்து வைக்கிறோம். மண்ணைப் பறித்துக் கொண்டவர்கள் நாம்; மண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்களும் நாமே.

அது பெரிய காரியமன்று. பூனை தாராளமாகத் திரும்பி நிற்கும் அளவுக்கு அகலமான, விளிம்பு தாழ்ந்த ஒரு தட்டு. அதில் இரண்டு அங்குல உயரத்திற்கு மணலோ, கடைகளில் விற்கும் களிமண் குருணையோ போதும். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் அதை வையுங்கள். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தால் பூனை அதைத் தொடாது. தொழும் இடத்திற்கும் அடுப்படிக்கும் தள்ளியே இருக்கட்டும். கதவு சாத்தப்படும் அறையிலும் வேண்டாம். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்றிருந்தால் நலம். குட்டியைச் சாப்பிட்டவுடனும், தூங்கி எழுந்தவுடனும் தட்டில் கொண்டுபோய் விடுங்கள். சில நாட்களில் பழகிவிடும். அசுத்தத்தில் அதன் மூக்கைத் தேய்ப்பது சிலருடைய வழக்கம். அதனால் பூனை பாடம் கற்பதில்லை. நம்மைக் கண்டு அஞ்சத்தான் கற்கிறது. பழகிய பூனை திடீரென வேறிடத்தில் கழித்தால், கை ஓங்குமுன் நோயா என்று பாருங்கள்.

அசுத்தம் பட்ட துணியை நிறமும் வாடையும் நீங்கும்வரை கழுவ வேண்டும் என்பது நாம் அறிந்த சட்டம். வாடை மிஞ்சினால் பூனை அதே இடத்திற்குத் திரும்பி வரும் என்பது அனுபவம். சட்டமும் அனுபவமும் ஒன்றையே சொல்வதைக் கவனியுங்கள். பினாயிலை மட்டும் ஊற்றாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு. சோப்பும் வெந்நீரும் போதும்.

தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய ஒருவகை நோய்க்கிருமி, ஒரு நாளாவது கிடந்த பிறகே பிறருக்குத் தொற்றும் நிலையை அடைகிறது. அது கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கலாம். ஆகவே கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஆண்களே, நீங்கள் செய்யுங்கள்! வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு ஒத்தாசையாக இருந்தார்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, மணலை அள்ளிப் போடுவது நமக்குக் கௌரவக் குறைவா?

இப்பொழுது தினமும் பஜ்ருக்கு முன் அந்தத் தட்டைச் சுத்தம் செய்துவிட்டுக் கைகழுவி ஒளுச் செய்கிறேன். பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கிறது. நான் அடித்ததை அது மறந்துவிட்டது போலும். நான் மறக்கவில்லை. வாய்பேசா உயிர்கள் விஷயத்தில் அல்லாஹ் நம்மைப் பிழை பொறுப்பானாக! ஆமீன்.