பிறர் துணிவும் நம் கடனும்

அன்னை, தந்தை, ஆசான் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் வைத்து வணங்கக் கற்பித்தது நம் மரபு. குழந்தையின் நலம் என்ற ஒன்றையே இம்மூவரும் நாடுவர் என்னும் நம்பிக்கையே அவ்வரிசைக்கு அடிப்படை. வீட்டில் பெற்றோர் தொடங்கியதைப் பள்ளியில் ஆசிரியர் தொடர்வார். இவர்களிடையே பிணக்கு எழ இடமேது என்று எண்ணி வந்தோம். 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனாப் பெருந்தொற்று அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தது. பூட்டிய பள்ளிகளை எப்போது திறப்பது என்ற கேள்வி எழுந்தபோது, ஒரே குழந்தையின் நலம் நாடிய இரு சாராரும் எதிரெதிரே நின்றனர். நோய் தணிந்து ஆண்டுகள் சில சென்றுவிட்டன. ஆயினும் அப்பிணக்கினுள் அடங்கியிருந்த அறக்கேள்வி இன்னும் விடை வேண்டி நிற்கிறது.

நிகழ்ந்தவற்றை முதலில் நினைவு கூர்வோம். தலைநகர் தில்லியில் பள்ளிகள் 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்டன. 2021 ஜனவரி 18ஆம் நாள் 10, 12ஆம் வகுப்பு மாணவர்க்குக் கதவு திறந்தது. ஏப்ரலில் இரண்டாம் அலை வந்து அதனை மீண்டும் சாத்தியது. செப்டம்பர் முதல் நாள் உயர் வகுப்புகளும், நவம்பர் முதல் நாள் ஏனைய வகுப்புகளும் திறந்தன. அடுத்த சில வாரங்களிலேயே காற்று மாசும், அதன்பின் ஒமிக்ரானும் மீண்டும் பூட்டுப் போடச் செய்தன. சிறு குழந்தைகளின் வகுப்புகள் மறுபடியும் திறந்தது 2022 பிப்ரவரி 14இல்தான். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறை என்பதைச் சரிவரக் காணாமலே இரண்டாம் வகுப்பின் இறுதிக்கு வந்துவிட்டது. தாயகமாம் தமிழ்நாட்டில், 2020 நவம்பர் 9 அன்று பள்ளிதோறும் பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டனர். கருத்துகள் பிளவுபட்டன; நவம்பர் 16 அன்று நிகழவிருந்த திறப்பு தள்ளிப்போயிற்று.

இதனைப் பெற்றோர் ஒரு பக்கம், ஆசிரியர் மறு பக்கம் என எளிதாகப் பிரித்துவிட இயலாது. பெற்றோருள்ளேயே இரு குரல்கள் ஒலித்தன. தனியறையும் கணினியும் உடைய வீட்டார் பலர், உயிர் இருந்தால் படிப்பைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றனர். மும்பைத் தாராவியில் ஒற்றை அறைக்குள் குடும்பம் முழுதும் வாழும் வீட்டிலோ நிலை வேறு. அங்கே வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அது தந்தையோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும். 2021 ஆகஸ்டில் பொருளியல் அறிஞர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரிடம் ஆய்வு நடத்தினர். நாட்டுப்புறப் பிள்ளைகளுள் இணையவழி ஒழுங்காகக் கற்றோர் நூற்றுக்கு 8 பேர். அறவே கல்லாதிருந்தோர் 37 பேர். அங்குள்ள பெற்றோருள் நூற்றுக்கு 97 பேர் பள்ளி திறக்கவேண்டும் என்றனர். நோயின் கொடுமையை அறியாதவர்களா இவர்கள்? நன்கு அறிவர். மூடிய பள்ளியும் ஒரு நோயே என்பதைக் கூடுதலாக அறிந்திருந்தனர்.

ஆசிரியரின் அச்சமும் வெற்றச்சம் அன்று. 2021 ஏப்ரலில் உத்தரப்பிரதேச ஊராட்சித் தேர்தல் பணிக்கு ஆசிரியர்கள் அனுப்பப்பட்டனர். அதன்பின் 1,621 ஆசிரியர்களும் ஊழியர்களும் தொற்றுக்குப் பலியாயினர் என்று ஆசிரியர் சங்கம் பெயர்ப்பட்டியல் தந்தது. அரசோ முதலில் மூவர் என்றது. ஆணைக்குப் பணிந்து சென்றவர் இறந்தால் அவர் கணக்கிலும் வாரார் என்ற அச்சம் ஓர் ஆசிரியர்க்கு எழுந்தால், அதனைக் கோழைத்தனம் என்று யார் கூறமுடியும்? ‘வேலை செய்யாமல் ஊதியம் பெறுகிறார்கள்’ என்ற பழிச்சொல்லும் அந்நாளில் காதில் விழுந்தது. உணவு வழங்குமிடங்களிலும் தடுப்பூசி மையங்களிலும் பணியாற்றிய ஆசிரியர்களை அப்பழி கணக்கில் கொள்ளவில்லை.

ஆக, இரு பக்கமும் நியாயம் உண்டு. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் அது நடுவுநிலைமை ஆகாது. தீர்ப்புக் கூற அஞ்சி நழுவுதலே ஆகும். நாம் இன்னும் ஓர் அடி செல்லவேண்டும். அதற்கு ஒரு சிறு காகிதம் வழிகாட்டுகிறது.

2021 ஜனவரியில் தில்லிப் பள்ளிகள் திறந்தபோது, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இருந்தால்தான் மாணவர் வரலாம் என்றனர். விரும்பாத பெற்றோர் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர்க்கு அத்தகைய ஒப்புதல் கடிதம் இல்லை. ஆணை மட்டுமே உண்டு. குழந்தையையோ எவரும் கேட்கவில்லை. ஆபத்தை ஏற்பதில் ஒருவர்க்கு உரிமையும், ஒருவர்க்குக் கட்டளையும், ஒருவர்க்கு மௌனமும் வாய்த்தன. பிணக்கின் வேர் இங்கேதான் இருந்தது. தன் துணிவைச் செலவிட எவர்க்கும் உரிமை உண்டு. பிறர் துணிவைச் செலவிடக் கேட்பவர் அக்கணமே அவர்க்குக் கடனாளி ஆகிறார்.

மருத்துவரும் செவிலியரும் அஞ்சாது பணிக்கு வந்தனரே, ஆசிரியர்க்கு மட்டும் விலக்கா என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்விதான். கடமை உடையவர் வரவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், மருத்துவர்க்குக் காப்புடையும் முதல் தடுப்பூசியும் தரவேண்டியது நம் கடமை என்பதிலும் ஐயமில்லை. ஆசிரியர்க்கு 2 கோடித் தடுப்பூசிகள் கூடுதலாக ஒதுக்கி, ஆசிரியர் நாளான செப்டம்பர் 5க்கு முன் செலுத்த ஒன்றிய அரசு முனைந்தது 2021 ஆகஸ்டின் இறுதியில்தான். பள்ளியை விரைந்து திறக்கச் சொன்ன நாம், அந்த ஊசியை முன்கூட்டியே கேட்டு ஆசிரியரோடு நின்றோமா? காற்றோட்டமுள்ள வகுப்பறைக்கும், நோயுற்றவர்க்கு ஊதியத்தோடு விடுப்புக்கும் குரல் கொடுத்தோமா? கடனைத் தீர்க்கும் வழி இவையே.

இத்தராசின் மறு தட்டையும் மறத்தலாகாது. ‘இன்னும் சில காலம் பொறுங்கள்’ என்று ஆசிரியர் கூறும்போது, அவரும் பிறர் பொருளைச் செலவிடுகிறார். அப்பொருள் குழந்தையின் ஆண்டுகள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவம் தவறினால் அதனை மீட்பது எளிதன்று. அவ்விழப்பு எளியவர் வீட்டுக் குழந்தை மேலேயே பெரிதும் விழும். எனவே ‘வரமாட்டோம்’ என்பதோடு ஆசிரியரின் கடன் முடிவதில்லை. ‘இவை இருந்தால் வருவோம், அதுவரை இவ்வாறு கற்பிப்போம்’ என்று கூறவும் அவர் கடமைப்பட்டவர். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, தன்னார்வலரைக் கொண்டு குடியிருப்புகளுக்கே பாடத்தைக் கொண்டு சென்றது. திறந்த கதவு, மூடிய கதவு என்ற இரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியும் உண்டு என்பதற்கு அது சான்று.

தொடர்புடையார் மேல் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லார் மேலும் செல்வது அருள் என்று நம் உரையாசிரியர்கள் வேறுபடுத்தினர். பெற்றோர்க்குத் தம் பிள்ளை மேலும், ஆசிரியர்க்குத் தம் வீட்டு முதியோர் மேலும் அன்பு குறைவுறவில்லை. அன்பும் அன்பும் மோதியதே அப்பிணக்கு. அதனைத் தீர்க்க வல்லது அருள் ஒன்றே. பெற்றோர் ஆசிரியரின் முதிய தாயை ஒரு கணம் நினைப்பதும், ஆசிரியர் கைப்பேசியில்லா வீட்டுக் குழந்தையை நினைப்பதும் அதன் தொடக்கம்.

பிறமொழி மண்ணில் வாழும் நமக்கு இது பிறர் வழக்கன்று. இங்கே தெருப்பலகையும் கடைப்பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதில்லை. தில்லியின் ஏழு தமிழ்ப் பள்ளிகளும், மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளும், சங்கக் கூடங்களில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுமே அவர்களுக்கு அகரம் காட்டுகின்றன. அக்கதவுகள் மூடினால், கணக்கோடும் அறிவியலோடும் ஒரு மொழியும் இழப்பாகிறது. இன்னொரு கொள்ளைநோய் வாராது என்று உறுதி கூறுவார் இலர். அது வரும் நாளில், திறப்பதா மூடுவதா என்று வாதிடக் கூடும் முன்னர், யார் எதனை இழக்கக் கேட்கிறோம், அதற்கு ஈடாக நாம் எதனைத் தரப்போகிறோம் என்று பெற்றோரும் ஆசிரியரும் ஒரே பாயில் அமர்ந்து பேசுவோமாக. நோயில்லா இந்நாளே அதற்கு உரிய நாள்.