சீட்டு வித்தையும் வாய்மையும்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்த மூத்த தலைமுறையினர் பலருக்குச் சீட்டுக்கட்டைக் கண்டாலே உள்ளம் சுருங்கும். சம்பள நாள் மாலையில் லயத்துக்குப் பின்னால் பாய் விரித்து ஆடிய ஆட்டத்தில், வீட்டு அரிசிக்கு வைத்திருந்த பணம் கரைந்ததைக் கண்டவர்கள் அவர்கள். கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. செம்பனையும் பலவிடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் விட்டது. அவ்வச்சம் மட்டும் குடும்பங்களோடு நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனவே, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் விடுமுறைக்கு முந்திய நாளில் வகுப்புக்குச் சீட்டுக்கட்டொன்றைக் கொண்டுவந்து, எளிய வித்தைகள் இரண்டைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார் எனக் கொண்டால், மறுநாள் பெற்றோர் ஒருவர் பள்ளி வாயிலில் நிற்பது வியப்பாகாது.

அவர் கேட்கக்கூடிய கேள்வி சூதைப் பற்றியது. அதற்கு விடை கூறுதல் அரிதன்று. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் கடிவது பொருள் வைத்து ஆடும் ஆட்டத்தை. பந்தயம் இல்லாத இடத்தில் சீட்டு வெறும் அட்டையே. அவர் கேட்க மறந்த கேள்விதான் கடினமானது. பிறரை ஏமாற்றும் திறத்தை ஆசிரியர் ஒருவர் மாணவனுக்குக் கற்பிக்கலாமா? திங்கட்கிழமை வாய்மை அதிகாரத்தை நடத்திவிட்டு வெள்ளிக்கிழமை இதை நடத்துவது முரணன்றோ?

தமிழ்மொழியே இக்கலைக்கு ஆதரவாகச் சாட்சி சொல்வதில்லை. சிறு செப்புகளின் கீழே பந்துகளை மறைத்தும் தோற்றுவித்தும் காட்டிய தெருவித்தைக்காரனின் கைத்திறம் செப்படி வித்தை எனப்பட்டது. இன்று அச்சொல்லை, பொருந்தாத கணக்கைக் காட்டுபவரைப் பழிப்பதற்கே பெரும்பாலும் எடுத்தாள்கின்றனர். கண்கட்டு வித்தை என்பதன் நிலையும் அதுவே. வயிற்றுப்பாட்டுக்காக வெயிலில் நின்று மக்களை மகிழ்வித்தவனின் தொழிற்பெயர் வசைச்சொல்லாயிற்று. இது நீதியன்று, ஆயினும் காரணமற்றதும் அன்று.

பொதுவாகப் பேசுவதை விடுத்து, பிள்ளைகள் முதலில் கற்கும் வித்தை ஒன்றை எடுத்துக்கொள்வது நலம். 21 சீட்டுகளை இடமிருந்து வலமாக வரிசை வரிசையாக இட்டு, ஏழேழாக மூன்று நிரல்கள் அமைக்க வேண்டும். காண்பவர் ஒரு சீட்டை மனத்தில் நினைத்து, அது எந்த நிரலில் உள்ளது என்பதை மட்டும் சொல்வார். அந்நிரலை மற்ற இரண்டுக்கும் நடுவே வைத்து அடுக்கி, மீண்டும் முன்போலவே இட வேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்தபின் நினைத்த சீட்டு மேலிருந்து பதினொன்றாவதாக நிற்கும். கைத்திறம் எதுவும் தேவையில்லை. முதன்முறை அடுக்கியதும் அச்சீட்டு 8 முதல் 14 வரையுள்ள இடங்களுள் ஒன்றில் இருக்கும். இரண்டாம் முறை 10 முதல் 12 வரை சுருங்கும். மூன்றாம் முறை அதற்கு வேறிடம் இல்லை. பிரெஞ்சுக் கணித அறிஞர் கெர்கோன் இத்தகைய அடுக்குகளைப் பொதுவிதியாக்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

இதில் பொய் எங்கே இருக்கிறது? கைகள் பொய் செய்யவில்லை. சீட்டுகள் எல்லார் கண்முன்னும் கிடந்தன. “உன் மனத்தைப் படிக்கிறேன்” என்று நெற்றியில் விரல் வைத்துச் சொன்ன வாய் மட்டுமே பொய் சொன்னது. அதுவும் நாடகத்தில் அரசனாக வருபவன் தன்னை அரசன் என்று சொல்வது போன்றதே. மந்திரவாதியின் வேடத்தை நடிக்கும் நடிகனே வித்தைக்காரன் என்ற கருத்தை, பிரான்சு நாட்டின் பெரும் வித்தைக்கலைஞர் ரோபேர் ஊதென் முன்பே கூறியுள்ளார்.

ஆனால் எளிய வித்தைகள் யாவும் இத்தகையன அல்ல. கட்டின் மேற்சீட்டு எது என்பதைச் சிறுவன் முன்பே பார்த்து வைத்துக்கொள்கிறான். தோழனைக் கட்டில் ஒரு பகுதியை எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்கிறான். எஞ்சிய பகுதியைத் தானே எடுத்து அதன்மேல் குறுக்காக வைக்கிறான். பிறகு சிறிது நேரம் வேறு எதையோ பேசுகிறான். அதன்பின் மேற்பகுதியைத் தூக்கி, “நீ வெட்டிய இடம் இதுதான், சீட்டை எடுத்துப் பார்” என்கிறான். தோழன் எடுப்பது முன்பிருந்த அதே மேற்சீட்டு. பேச்சில் கழிந்த அரை நிமிடத்தில் எந்தப் பகுதி மேலே இருந்தது என்பதை அவன் மறந்துபோனான்.

இங்கே நிலைமை வேறு. “மனத்தைப் படிக்கிறேன்” என்பது அலங்காரம். “நீ வெட்டிய இடம் இது” என்பதோ கண்முன் நடந்த செயலைப் பற்றிய நேரடியான பொய். மேலும், தான் விரும்பியபடி தேர்ந்ததாக எண்ணியவனுக்குத் தேர்வே தரப்படவில்லை. வித்தை நூல்கள் இரண்டையும் ‘எளியவை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைக்கலாம். அறத்தின் நோக்கில் இவை ஒரே படியில் நிற்பவை அல்ல.

யாருக்கும் தீங்கில்லையே என்று சிலர் விடை கூறுவர். தீமை பயவாத சொல்லையே வாய்மையின் இலக்கணமாக வள்ளுவர் வைத்தார் என்பதையும் துணைக்கு அழைப்பர். அது வலுவான வாதமே, ஆயினும் போதுமானதன்று. திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து மாற்றி மாற்றி வைத்து, ‘ராணி எங்கே?’ என்று கேட்கும் மோசக்காரனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் ஆட்டத்தில் அவன் வேண்டுமென்றே தோற்பான். வந்தவன் கையில் பத்து வெள்ளி சேரும். அந்தக் கணத்தில் தீங்கு எங்கே இருக்கிறது? ஏமாற்றப்பட்டவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். தீங்கைத் தேடினால் அது அடுத்த ஆட்டத்தில்தான் கிடைக்கும். ஆகவே, அளவுகோலை வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும்: மறைத்ததனைத்தும் வெளிப்பட்ட பின்னர், ஏமாந்தவன் என்ன சொல்வான்? 21 சீட்டின் மறைவை அறிந்த சிறுமி, “இன்னொரு முறை காட்டு” என்பாள். மூன்று சீட்டின் மறைவை அறிந்தவன் காவல் நிலையத்தைத் தேடுவான். வெளிப்படுதலைத் தாங்கும் ஏமாற்றம் ஒன்று. மறைவிலேயே உயிர்வாழும் ஏமாற்றம் மற்றொன்று.

வெளிப்படுதல் தடைப்பட்டால் நல்ல வித்தையும் கொடுமையாகும் என்பதற்கு 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இலண்டனில் நிகழ்ந்தது சான்று. வங்கத்துப் பேர்பெற்ற வித்தைக்கலைஞர் பி. சி. சர்க்கார், பி.பி.சி. தொலைக்காட்சியில் இளம்பெண் ஒருத்தியை இரம்பத்தால் இரண்டாக அறுக்கும் வித்தையைக் காட்டினார். அறுத்தபின் அப்பெண்ணை எழுப்பும் முன்பே நேரம் முடிந்து, நிகழ்ச்சி சட்டென நின்றது. பெண் கொல்லப்பட்டுவிட்டாள் என்று அஞ்சியவர்களின் அழைப்புகளால் நிலையத்தின் தொலைபேசிகள் திணறின. சர்க்காருக்கு அது பெரும் விளம்பரமாயிற்று என்பது உண்மை. ஆயினும், அவ்விரவு வீட்டில் அமர்ந்திருந்தோர் பெற்றது வியப்பன்று, திகில்.

இன்னும் ஒரு படி கீழே, வெளிப்பாட்டை என்றுமே மறுப்பவர்கள் நிற்கின்றனர். வித்தையைக் காட்டி அதனை அருளாற்றல் என்பவர்கள் அவர்கள். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரி உள்ளிட்ட பள்ளிகளில் தாவரவியல் கற்பித்த ஆசிரியர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுவோர்க்கு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் வெல்லவில்லை. அவருடைய கருத்துகள் அனைத்தையும் ஏற்காதவரும் ஒன்றை ஒப்புவர்: அவர் எதிர்த்தது கைவித்தையை அன்று, கைவித்தை என்று ஒப்புக்கொள்ள மறுத்ததை.

இவ்வேறுபாடு ஜொகூரில் இன்று ஏட்டறிவாக மட்டும் நிற்பதன்று. காவல் அதிகாரி என்றும் வங்கி அலுவலர் என்றும் தொலைபேசியில் பேசி, முதியோரின் சேமிப்பைக் கறக்கும் கூட்டங்கள் நாடெங்கும் பெருகியதனால், 2022இல் அரசு மோசடிகளுக்கென்றே தேசிய மையம் ஒன்றையும் 997 என்னும் அழைப்பெண்ணையும் ஏற்படுத்தியது. அவ்வழைப்புகளின் போக்கைக் கூர்ந்து நோக்கினால், குறுக்காக வைத்த சீட்டுக்கட்டே நினைவுக்கு வரும். இடைவிடாத பேச்சு, சிந்திக்க விடாத அவசரம், தேர்வு உங்களுடையதே என்னும் உறுதிமொழி. தோழனின் நினைவை அரை நிமிடப் பேச்சால் கலைத்துப் பார்த்த மாணவனுக்கு, நினைவு எவ்வளவு எளிதில் கலையும் என்பது கைவழியே தெரியும். அதனால் அவன் என்றும் ஏமாற மாட்டான் என்று சொல்லிவிட முடியாது. வித்தை கற்றவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அதே கைத்திறத்தை அவன் பிறர்மேல் தீதாகப் பயன்படுத்தக்கூடும் என்ற அச்சமும் முழுதும் நீங்குவதில்லை. கணக்கு கற்பிப்பவரும் இதே இடரோடுதான் கற்பிக்கிறார். பொய்க்கணக்கு எழுதுபவனும் கணக்கு வகுப்பில் இருந்தவனே.

ஆசிரியர்க்கு இதிலிருந்து எழும் நடைமுறைத் தெரிவு ஒன்றுண்டு. மறைவு வெளிப்பட்டால் சப்பென்று போகும் வித்தைகள் பல. மறைவே காட்சியைவிட அழகாக இருக்கும் வித்தைகள் சில. முந்தியவை மேடைக்காரருக்கு உரியன. மறைவைக் காப்பது அவர்தம் தொழில் ஒழுக்கம், அதனைக் குறைகூற இடமில்லை. வகுப்பறைக்குப் பிந்தியவையே உகந்தன. குறுக்குவெட்டைக் காட்டினால், மணி அடிப்பதற்கு முன் அதன் மறைவையும் அவிழ்த்துவிடுதல் நேர்மை.

எஞ்சுவது ஒரு சிக்கல். இது விளையாட்டு என்னும் உடன்பாடு பத்து வயதுப் பிள்ளைகளுக்குள் சொல்லாமலே விளங்கும். ஐந்து வயதுத் தங்கைக்கு விளங்காது. அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்து வித்தையைக் காட்டுகிறான். சிறுமியின் கண்கள் விரிகின்றன. பின்னர் முகம் மெல்ல வாடுகிறது. “அண்ணா, நான் மனசுல நினைக்கிறதெல்லாம் உனக்குத் தெரியுமா? நேத்து நினைச்சதும் தெரியுமா?” என்று கேட்கிறாள். அவன் பெற்றிருந்த பெருமை முழுவதும் அந்தக் கேள்வியின் விடையில் தங்கியிருக்கிறது. ஆம் என்றால், இரவு உணவுவரை வீட்டில் அவனே மந்திரவாதி. அவன் சிறிது தயங்குகிறான். பிறகு 21 சீட்டுகளையும் மீண்டும் தரையில் பரப்பி, அவள் விரலைப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று பதினொன்றுவரை எண்ண வைக்கிறான்.