கையால் தைத்துக் கொடுப்பது ஈகையாகுமா?

மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடியில் பஞ்சு திணித்த போர்வைக்கு வேலையில்லை. பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியில் முட்டும் அந்தச் சந்தியைச் சுற்றிய ஊர்களில் மார்கழி மழைக்கும் ஒரு மெல்லிய துணி போதும். படுக்கைக்கென்று கையால் செய்து கொடுக்கும் பொருள்கள் இங்கே வேறு. ஒன்று பன் பாய்: சதுப்பில் விளையும் பன்னை அறுத்து, வெயிலில் உலர்த்தி, சிலவற்றுக்குச் சாயமேற்றி இழைப்பது. மற்றது பிறக்கப்போகும் குழந்தைக்குப் பழைய நூல் சேலைகளை மடித்து அடுக்கித் தைக்கும் விரிப்பு. பலமுறை தோய்த்துக் கஞ்சிப்பசை முழுதும் போன சேலைதான் இதற்கு உகந்தது. ஓரங்களை உள்ளே மடக்கி, நீளவாட்டில் நூலோட்டித் தைப்பார்கள். முடிச்சு பிள்ளையின் தோலில் உராயாதபடி அதை இரு மடிப்புகளுக்கு நடுவே இழுத்து மறைப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும்.

இப்படிச் செய்து கொடுப்பதற்கு அறநூல்களில் என்ன பெயர் என்பது எளிய கேள்வியன்று. இல்லாதவருக்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு கொடுப்பது என்று ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் கோடு கிழித்துவிடுகிறார். மகளின் பிள்ளைக்குத் தாய் தைக்கும் விரிப்பு அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. அந்தப் பிள்ளை வறியதன்று. கடையில் நல்ல விரிப்புகள் கிடைக்கின்றன. கொடுப்பவளுக்கும் வாங்குபவளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் ஆயுள் முழுதும் ஓடிக்கொண்டிருக்கிறது. பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயமும் கைம்மாறு செய்ய இயலாதவருக்குக் கடமையென்று கருதிக் கொடுப்பதையே சாத்விக தானம் என்கிறது.

கொடை கட்டிப்போடும் என்ற அச்சம் இந்த வரையறைகளுக்கு அடியில் இருக்கிறது. மட்டக்களப்பாருக்கு இது புதிதல்ல. வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் இவ்வூரைப் பற்றிச் சொல்வதுண்டு. அதை மந்திரவித்தைக் கதையாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். விருந்தோம்பலைச் சொல்வதாகக் கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும், விரித்துக் கொடுத்த பாய் உட்கார்ந்தவனை எழும்ப விடுவதில்லை என்பதே சேதி. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான கொடை பற்றிய தமது நீண்ட கட்டுரையில், கொடுத்த பொருளோடு கொடுத்தவரின் ஒரு கூறும் போகிறது என்ற மாவோரி மக்களின் கருத்தை எடுத்து, திருப்பிக் கொடுக்கும் கடமை அங்கிருந்தே பிறக்கிறது என்று வாதிட்டார். மாவோரிக் கருத்தை அவர் மிகையாக விளக்கிவிட்டார் என்று பின்வந்தோர் மறுத்தனர். கையால் செய்த பொருளைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரிதும் பொருந்துகிறது. கடை விரிப்பைப் பிடிக்காவிட்டால் மாற்றலாம். மாமி தைத்ததை மாற்ற முடியாது.

சைவ மரபு இந்தச் சிக்கலைத் துணியை வைத்தே பேசியிருக்கிறது. அறுபத்துமூவரில் நேச நாயனார் காம்பீலியில் வாழ்ந்த நெசவாளர். உடையும் கீளும் கோவணமும் தாமே நெய்து அடியார்களுக்குக் கொடுத்தார். அவருடைய மனம் சிவன் அடியிலும், வாக்கு ஐந்தெழுத்திலும், கை தறியிலும் இருந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். இதில் கவனிக்கவேண்டியது அந்தப் பங்கீடு. கை வேலை செய்யும்போது மனம் வேறிடத்தில் குடியிருப்பதால், ‘நான் நெய்தது’ என்று உரிமை கொண்டாட ஆள் இல்லை. துணி தறியில் இருக்கும்போதே கொடுக்கப்பட்டுவிடுகிறது.

அமர்நீதி நாயனாரின் கதை இன்னும் கடுமையானது. பழையாறையில் பொன்னும் மணியும் துணியும் விற்ற வணிகரிடம் பிரமசாரியாக வந்த இறைவன் ஒரு கோவணத்தைக் கொடுத்து வைத்துப்போகிறார். அது மறைந்துவிடுகிறது. பதிலுக்கு, தம் தண்டில் கட்டியிருந்த மற்றக் கோவணத்துக்கு எடைக்கெடை கேட்கிறார். தராசின் மறுதட்டில் புதுத்துணி, பட்டு, பொன் என்று வைத்தும் தட்டு இறங்கவில்லை. கடைசியில் நாயனாரும் மனைவியும் மகனும் ஏறி நின்றபிறகே தராசு சமனாகிறது. இதை வெறும் சோதனைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதைவிடக் கூர்மையான கருத்து ஒன்று அதற்குள் இருக்கிறது: சில துணிகளுக்குப் பொருளால் ஈடு கட்ட முடியாது, ஆளால்தான் முடியும். கையால் தைத்த விரிப்புக்கு விலை சொல்லத் தெரியாமல் வாங்கியவர் தடுமாறுவது இதனால்தான். அதில் போயிருப்பது ஒருவர் வாழ்நாளின் ஒரு பகுதி. அதற்குச் சந்தையில் மாற்று இல்லை.

பௌத்தம் வேறு வழியில் போனது. பிக்குகள் உடுத்தும் ஆடையான சீவரம் ஒட்டுத்துணிகளால் ஆனது. மகத நாட்டு வயல்களையும் வரம்புகளையும் காட்டி, அதுபோல் துணியை வெட்டித் தைக்கமுடியுமா என்று புத்தர் கேட்டதாகவும், அவருடைய சீடர் ஆனந்தர் அப்படியே செய்து காட்டியதாகவும் பிக்குகளின் ஒழுக்கவிதிகளைச் சொல்லும் வினயநூல் கூறுகிறது. வெட்டிய துணிக்கு விலை குறைவு, திருடன் விரும்பமாட்டான் என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. மழைக்காலத் தவம் முடிந்தபின் வரும் ஒரு மாதத்துக்குள், இலங்கையில் பெரும்பாலும் ஐப்பசியை ஒட்டி, கதின சீவரம் வழங்கப்படுகிறது. அதன் விதிகள் கைவேலைக் கொடையின் உளவியலை நன்கு அறிந்தவர்கள் வகுத்தவை போலிருக்கின்றன. துணியைச் சங்கத்துக்குத்தான் கொடுக்கவேண்டும்; இன்ன பிக்குவுக்கு என்று கொடுப்பவர் குறிக்க முடியாது. வெட்டுதல், தைத்தல், சாயமிடல் எல்லாம் அன்றைக்கே, பலர் கூடி முடிக்கவேண்டும். மியன்மாரில் பெண்கள் ஓரிரவுக்குள் துணி நெய்து விடியலில் புத்தருக்குச் சாத்தும் வழக்கமும் இதன் உறவுதான். மாதக்கணக்கில் ஒருவரே தைத்தால் பற்று ஏறும். ஒருநாளில் பலர் தைத்தால் எந்தத் தையல் யாருடையது என்பதே தெரியாது.

ஆனால் குழந்தை விரிப்புக்கு இந்த அளவுகோலை அப்படியே வைப்பது நியாயமில்லை. துறவிக்குக் கொடுப்பது பற்றறுக்கும் பயிற்சி. குழந்தைக்குக் கொடுப்பது ஓர் உயிரை உறவுக்குள் சேர்ப்பது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் வீட்டாருக்காகவே தொடங்கியது. வள்ளுவரே ஈகைக்கு முன் ஒப்புரவுக்கென்று தனி அதிகாரம் வைத்திருக்கிறார். ஊரோடு சேர்ந்து வாழும் பயனை அங்கே தனியாக எடுத்துப் பேசுகிறார். சேலை விரிப்பை ஈகை என்று உயர்த்தவேண்டியதில்லை. அதை வெறும் கொடுக்கல் வாங்கல் என்று தாழ்த்தவும் முடியாது, ஏனெனில் பெறுபவருக்கு அன்று பெயர்கூட இல்லை, நன்றி சொல்லத் தெரியாது. அது வளர்ந்து கைம்மாறு செய்யும் வயதில் தைத்தவர் இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. கீதை கேட்கும் நிபந்தனை இங்கே தானாகவே பாதி நிறைவேறிவிடுகிறது. மீதிப் பாதி, அதாவது பிள்ளையின் தாயிடம் நன்றியை எதிர்பாராதிருப்பது, தைத்தவரின் சொந்தப் பாடு.

வாங்கியவரின் கடமை பற்றி நூல்கள் குறைவாகவே பேசுகின்றன. கையால் செய்தது என்று பெட்டியில் பூட்டி வைப்பது மரியாதை போலத் தோன்றும். விரிப்பு விரிப்பதற்காகத் தைக்கப்பட்டது. இதற்கு வினயநூலில் ஒரு நல்ல உரையாடல் உண்டு. கோசம்பி மன்னன் உதயணனின் அந்தப்புரப் பெண்கள் 500 சீவரங்களை ஆனந்தருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இத்தனையும் எதற்கு, துணிக்கடை வைக்கப்போகிறாரா என்று மன்னன் எரிச்சலோடு கேட்கிறான். சீவரம் கந்தலான பிக்குகளுக்குப் பங்கிடுவோம் என்கிறார் ஆனந்தர். பழைய சீவரங்களை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். அதன்பின் தரைவிரிப்பு, அதன்பின் கால்மிதி, அதன்பின் தூசி துடைக்கும் துணி. அதுவும் நைந்தால் துண்டு துண்டாக்கிச் சேற்றோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம். எதையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறார்கள் என்று மன்னன் மகிழ்ந்து, தன் பங்குக்கு இன்னும் 500 துணிகள் கொடுத்தனுப்பினான்.