பிரசங்க மேடையும் மனச்சாட்சியும்

சமயப் பணியை மேற்கொண்டவர்கள் அரசியலிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது பல மரபுகளும் ஏற்றுக்கொண்ட நெறி. இறைவனைப் பற்றிப் பேச வேண்டிய நாவு கட்சிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேட்பவர்களுள் பாதிப் பேருக்கு ஆலயத்தின் கதவு அடைபட்டுவிடும். எனவே இந்நெறி தேவையானதே. ஆனால் கண்ணெதிரே ஒருவன் துன்புறுத்தப்படும்போதும் இதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு வாய்மூடி இருக்கலாமா? விலகி நிற்றல் எந்த இடத்தில் பற்றின்மையாகிறது, எந்த இடத்தில் கோழைத்தனமாகிறது?

இக்கேள்வியைத் தம் வாழ்வாலேயே எதிர்கொண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த லுத்தரன் திருச்சபைப் போதகர் டீட்ரிச் போன்ஹோபர் (1906–1945).

அரசியலை மேடையேற்றியவர்கள் யார்?

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். இரண்டே நாட்களில், 27 வயதுகூட நிறையாத போன்ஹோபர் வானொலியில் பேசினார். மக்கள் தன்னைத் தெய்வமாக்க இடம்கொடுக்கும் தலைவன் அவர்களை வழிதவறச் செய்பவன் ஆகிவிடுவான் என்பது அவ்வுரையின் கருத்து. அவர் பேசி முடிப்பதற்குள் ஒலிபரப்பு நின்றுபோயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் நடந்த திருச்சபைத் தேர்தலில், 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற நாஜி ஆதரவு இயக்கம் பெரும் வெற்றி பெற்றது. யூத வம்சத்தில் பிறந்தவர்கள் போதகர்களாக இருக்கக் கூடாது என்ற விதியைச் சபைக்குள்ளும் கொண்டுவர அது முனைந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரசங்க மேடையில் முதலில் அரசியலை ஏற்றியவர் போன்ஹோபர் அல்லர். இனத்தையும் அரசையும் இறைவனுக்குச் சமமாக வைத்தவர்களே அதைச் செய்தார்கள். அவர் எழுப்பிய எதிர்ப்பு, வழிபாட்டுக்குரியது எது என்பதைப் பற்றிய சமய எதிர்ப்பே.

அவ்வாண்டு ஏப்ரலில் எழுதிய ஒரு கட்டுரையில், அரசு அநீதி இழைக்கும்போது சபைக்குள்ள கடமைகளை அவர் மூன்று படிகளாகக் காட்டினார். முதலாவது, 'நீ செய்வது நியாயம்தானா?' என்று அரசைக் கேட்பது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவன் எச்சமயத்தவனாயினும் அவனுக்குத் துணை நிற்பது. மூன்றாவது, இவை போதாதபோது கொடுமை இயங்குவதையே தடுத்து நிறுத்துவது. முதற்படி சொல், இரண்டாம் படி சேவை, மூன்றாம் படி செயல். ஒவ்வொரு படியிலும் விலை கூடிக்கொண்டே போகிறது.

மௌனம் சுமத்தும் பழி

1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய சபையினர், அரசுத் தலைமைக்குத் திருச்சபையை அடிமையாக்க முடியாது என்று துணிவுடன் அறிக்கை வெளியிட்டனர். ஆயினும் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தன் உரிமைக்காகப் போராடும் சமயம், பிறர் துன்பத்துக்காகப் பேசாவிட்டால் அதன் போராட்டம் தற்காப்பாகவே நின்றுவிடும். போன்ஹோபரை வருத்தியது இதுவே.

1937-இல் வெளிவந்த சீடத்துவம் பற்றிய நூலில் 'மலிவான கிருபை'யை அவர் சாடுகிறார். மனமாற்றம் இல்லாத மன்னிப்பையும், வாழ்வை மாற்றாத வழிபாட்டையும் அவர் அப்பெயரால் குறித்தார். உயர்ந்த பண்பாடும் இத்தகைய வெறுமைக்கு மருந்தாகவில்லை. கெதேயும் ஷில்லரும் வாழ்ந்த வைமார் நகருக்கு அருகில்தான் புக்கன்வால்ட் வதைமுகாம் அமைந்தது. 1945 தொடக்கத்தில் போன்ஹோபரும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார். இசையும் கவிதையும் தத்துவமும் ஒரு நாட்டில் செழித்திருக்கலாம். அவை அண்டை வீட்டானின் துன்பத்தைக் காணும் கண்ணைத் தாமாகவே திறந்துவிடுவதில்லை.

அவர் பார்வை நம் நாட்டின் பக்கமும் திரும்பியது. ஆன்மிக ஒழுக்கமும் அநீதியை எதிர்க்கும் அறப்போரும் எவ்வாறு ஒன்றாக இணைய முடியும் என்பதைக் காந்தியடிகளிடம் நேரில் கற்க அவர் விரும்பினார். 1934 நவம்பரில் காந்தியடிகளும் அவரை அழைத்துக் கடிதம் எழுதினார். ஆனால் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்ததால் அப்பயணம் நிறைவேறவில்லை.

கறைபடாத கைகள்

அகிம்சையைக் கற்க விரும்பிய அவர், பின்னாளில் ஹிட்லரை வீழ்த்தச் சதி செய்தவர்களோடு சேர்ந்தார். நம் உள்ளத்தை மிகவும் உலுக்குவது இம்முரண்பாடே. 1939-இல் அமெரிக்காவில் பாதுகாப்பாகத் தங்க வாய்ப்புக் கிடைத்தும், சில வாரங்களிலேயே அவர் தாய்நாடு திரும்பினார். 1943 ஏப்ரல் 5-இல் கைதானார். 1945 ஏப்ரல் 9-இல் ஃபுளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

அவர் சென்ற வழி சரியா? அகிம்சையை உயிராகக் கொண்டவர்கள் இதை முழுமையாக ஏற்க மாட்டார்கள். அவர்கள் மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் அவர் தம் செயலைப் புண்ணியம் என்று கூறிக்கொள்ளவில்லை. பாவமான செயலைப் பாவம் என்றே உணர்ந்து, பிறருக்காக அப்பழியைத் தாம் சுமந்து, தீர்ப்பை இறைவனிடம் விடுவதே பொறுப்புள்ளவன் செய்யத்தக்கது என்று அவர் கருதினார். தன் கை கறைபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிறன் அழிவதைப் பார்த்திருப்பவனின் தூய்மையும் ஒரு வகைத் தன்னலமே என்பது அவர் கண்ட உண்மை.

எல்லோர்க்கும் அத்தகைய சோதனை வருவதில்லை, வரவும் வேண்டாம். ஆயினும் பேச வேண்டுமா, மௌனமாக இருக்க வேண்டுமா என்று தயங்கும் வேளையில் நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்: என் பேச்சால் எனக்குப் பதவியோ புகழோ கிடைக்கிறதா? என் மௌனத்தால் எனக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறதா? முதற்கேள்விக்கு 'ஆம்' என்றால் பேச்சைச் சோதிக்க வேண்டும். இரண்டாவதற்கு 'ஆம்' என்றால் மௌனத்தைச் சோதிக்க வேண்டும். பற்றின்மை என்பது பலனில் பற்றின்மையே அன்றி, துன்புறும் மனிதனிடம் பற்றின்மை அன்று.