சங்கு, சக்கரம், சந்தேகம்

சின்ன வயதில் வன்னியம்பட்டியில் நாங்கள் விரல் நுனிகளைப் பார்த்து, சங்கு எத்தனை சக்கரம் எத்தனை என்று எண்ணுவோம். என் விரல்களில் ஒன்று இரண்டிலும் சேரவில்லை. சங்கு என்றான் ஒருவன். சக்கரம் என்றான் இன்னொருவன். விளையாட்டு அதனால் கெட்டுப்போகவில்லை.

அந்த விரல் இப்போது ஞாபகம் வரக் காரணம் எங்கள் தெருக் கிழவி ஒருத்தி. நாற்பது வருஷம் சூளையில் செங்கல் அறுத்தவள். ரேஷன் கடை இயந்திரத்தில் பெருவிரலை வைத்தாள். அப்புறம் மற்ற விரல்கள். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும். இயந்திரம் ஒப்பவில்லை. கடைசியில், அதே கார்டில் பெயருள்ள பேரன் வந்து விரலை வைத்தான். பிளஸ் டூ படித்த பிள்ளையின் தேயாத விரல். அரிசி கிடைத்தது. திரும்பும்போது, ‘ஏங் கையி என்னுது இல்லேங்குது தம்பி’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ரேகை பதிப்பதன் ஆரம்பமே அவநம்பிக்கைதான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதித்தார். கையெழுத்தைப் பின்னால் மறுத்துவிடாதபடி அவரை மிரட்டுவது நோக்கம் என்று ஹெர்ஷெலே எழுதியிருக்கிறார். 1897இல் கல்கத்தாவில் ரேகைக் காரியாலயம் வந்தது. அஜீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் இருவரும் சேர்ந்து ரேகைகளை 1024 பொந்துகளில் அடக்கும் கணக்கை உருவாக்கினார்கள். பெயர் மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று. 1920 ஏப்ரல் 3 அன்று, மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. அந்தச் சட்டத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். அங்கே யாரும் குற்றம் செய்துவிட்டு விரலை நீட்டச் சொல்லப்படவில்லை. பிறப்பே போதுமான சந்தேகமாக இருந்தது.

இதே பரம்பரையில் வந்த ஒரு காரியத்தில் எனக்கு ஒரு நேர்மை தென்படுகிறது. ரேகைகளை வகைபிரிக்க இயந்திரங்களைப் பழக்குவதற்காக, 1992இல் அமெரிக்க அரசின் தர நிறுவனம் ஒரு படத் தொகுப்பை வெளியிட்டது. 2000 விரல்கள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதிவுகள். வில், கூடார வில், இடக் கண்ணி, வலக் கண்ணி, சுழல் என்று ஐந்து வகை. வகைக்கு 400 விரல்கள். இயற்கையில் வில் வகை இரண்டும் சேர்ந்தாலும் நூறு விரலுக்கு ஏழைத் தாண்டாது. அபூர்வமானதும் கணக்கில் விடுபடக்கூடாது என்று சம இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைவிட முக்கியம், சுமார் 350 விரல்களுக்கு இரண்டு வகைப் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பார்த்தவர்களுக்கு நிச்சயமில்லை. அந்த நிச்சயமின்மையை அவர்கள் மறைக்கவில்லை. விரலின்மேல் குற்றமாகச் சுமத்தவும் இல்லை. அந்த விரல்களுக்கு இயந்திரம் இரண்டில் எதைச் சொன்னாலும் சரி என்றே ஆராய்ச்சியாளர்கள் பலர் மதிப்பெண் போட்டார்கள்.

வகைபிரிப்பது வேறு, இன்னார்தான் என்று ஒப்பிடுவது வேறு என்பது எனக்குத் தெரியும். ரேகை பதியாவிட்டால் அரிசி வாங்க மாற்று வழிகள் உண்டு என்பதும் தெரியும். என் கேள்வி இதுதான்: சந்தேகம் எழுந்தால் அது யாருடைய சுமை? ஆராய்ச்சிக்கூடத்தில் அது பார்க்கிறவனின் குறை. கடை வாசலில் அது நிற்கிறவளின் குறையாக மாறிவிடுகிறது. அவளுடைய ரேகையைத் தின்றது சூளை மண். அந்தக் கல்லில் எழும்பிய வீடுகளில் நாம் குடியிருக்கிறோம். அவள் உழைத்ததற்கான அத்தாட்சியே அவள் அவளல்ல என்பதற்கும் அத்தாட்சியாகிவிட்டது.

விமர்சனம் எழுதுகிற நமக்கும் பொந்துகள் உண்டு. ஒரு கவிதை எதிலும் அடங்காதபோது, கவிதையே இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொல்லியிருக்கிறேன். இரண்டு பெயரை எழுதி, எனக்கு நிச்சயமில்லை என்று கையெழுத்துப் போடும் துணிவு அப்போது வரவில்லை. அதனால் கவிதை எழுதியவன் பட்டினி கிடக்கவில்லை என்பது ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

பேரன் அடுத்த மாதம் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். அப்புறம் யார் விரலை வைப்பது என்று கிழவி கேட்கிறாள்.