உடம்பும் ஒரு கோயில்தான்



கோயிலுக்குள்ள செருப்போடு போகமாட்டோம். கருவறையில குப்பை கிடந்தா மனசு பதறும். ஆனால் இறைவன் குடியிருக்கும் இன்னொரு கோயிலை நாம அப்படிப் பார்க்கிறதில்லை. அதுதான் நம்ம உடம்பு. உள்ளே இறைவன் இருப்பதை உணர்ந்த பிறகே உடம்பைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்கிறார்.

அந்தக் கோயில் இன்று எந்த நிலையில் இருக்கு? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் இருவரில் ஒருவருக்கு எடை அதிகம். இந்தியர்களிடம் 100-க்கு ஏறக்குறைய 64 பேர். இதில் நாம்தான் முன்னால நிற்கிறோம்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நம்ம தாத்தா பாட்டிகள் விடியுமுன்னே பால் வெட்டப் போனார்கள். நூற்றுக்கணக்கான மரம், மேடு பள்ளம், அப்புறம் பால் வாளி சுமை. அந்த உழைப்புக்கு ஒரு தட்டுச் சோறு சரியா இருந்தது. தோட்டம் போச்சு, நாம ஈப்போ பக்கம் வந்துட்டோம். சோத்துத் தட்டு மட்டும் அதே அளவுல இருக்கு. அதுக்கு மேல ரொட்டி சானாய், தே தாரிக், ராத்திரி மீ கோரேங். முச்சந்திக் கடைக்குப் போகவும் மோட்டார்.

நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் சேரும் தன்மை அதிகம். அதனால் இடுப்பளவைப் பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, இதய நோய், கொழுப்புக் கல்லீரல் எல்லாம் நெருங்கி வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லணும். நான் பொறியியல் மாணவன். உள்ளே போறது, வெளியே போறதுன்னு தண்ணித் தொட்டி மாதிரி கணக்குப் போடத்தான் எனக்கும் தோணும். ஆனால் உடம்பு தொட்டி இல்லை. எடை குறையக் குறைய அது பசியைக் கூட்டும், சக்திச் செலவைச் சுருக்கும். பரம்பரை, தூக்கக் குறைவு, மன அழுத்தம், சில மருந்துகள் என எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இது பாவத்தின் சம்பளமும் இல்லை, வெறும் சோம்பேறித்தனமும் இல்லை. இது ஒரு நோய். நம்ம கூட்டத்துல ஒருத்தரை "குண்டு"ன்னு கூப்பிட்டுச் சிரிச்சா, அவர் கூட்டத்துக்கு வருவதுதான் நிற்கும், எடை ஏறுவது நிற்காது. கோயிலுக்கு வந்தவரைத் துரத்துவதும் தொண்டா?

அப்போ வழி என்ன? கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன், மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது, ஒன்றுமே உண்ணாதவனுக்கும் கைகூடாது என்கிறார். ஆக, பட்டினி வழியில்லை. அளவுதான் விரதம். எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் நல்லபடியாக இறங்கும். 100 கிலோ இருப்பவர் 5 கிலோவிலிருந்து தொடங்கலாம். அது போதாதவர்களுக்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் டாக்டரைக் கேளுங்கள், அதில் வெட்கம் எதுக்கு? சுகாதார அமைச்சில் பதிவாகாத 'எடை குறைக்கும் காப்பி' மட்டும் வேண்டாம். அப்படிப்பட்ட பொருள்களில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்தது பல முறை பிடிபட்டிருக்கு.

நம்ம இயக்கம் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. அன்னதானப் பந்தியில் பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு அல்லது கடலை வைப்போம். அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' அதுதானே. சிரப் தண்ணிக்குப் பதிலா வெறும் தண்ணி கொடுப்போம். பிரசாதம் கையளவு போதும், அருள் குறையாது.

தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்கு வெறுங்காலோடு நடக்கிற கால்கள் நம்மிடம் இருக்கு. முருகனுக்காக ஒரு நாள் நடக்கும் அதே கால்கள், அவன் குடியிருக்கும் உடம்புக்காக வாரம் 150 நிமிடம் நடக்கட்டும். எடை அதிகமுள்ள நண்பரையும் கூப்பிடுங்கள். அவர் வேகத்துக்கு நாம நடப்போம். அதுவும் வழிபாடுதான்.